பாண்டரில் முதல் இன்டெக்ஸர்: கிரிப்டோபங்க்ஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

எத்தீரியம் பிளாக்செயினில் கிரிப்டோபங்க்ஸ் என்றொரு கான்ட்ராக்ட், அதாவது அங்கேயே ஓடும் ஒரு புரோகிராம், இருக்கிறது. லார்வா லேப்ஸ் 2017 ஜூனில் வெளியிட்டது. பங்க் என்பது வாங்கி விற்கக்கூடிய ஒரு சிறிய டிஜிட்டல் முகப் படம். மொத்தம் 10,000 பங்க், 0 முதல் 9999 வரை எண் போட்டவை. ஒரு முகவரியைக் கொடுத்து, "இவரிடம் எத்தனை பங்க் இருக்கிறது?" என்று அந்த கான்ட்ராக்டைக் கேட்டால் பதில் உடனே வரும். "எந்தெந்த பங்க்?" என்று கேட்டால் வராது. அதற்கான ஃபங்ஷனே அதில் இல்லை. ஒவ்வோர் எண்ணாக எடுத்து "இது யாருடையது?" என்று 10,000 முறை கேட்டுத்தான் பட்டியல் போட வேண்டும். "போன மாதம் எது அதிக விலைக்குப் போனது?" என்பதை அப்படிக் கேட்டும் தெரிந்துகொள்ள முடியாது. நடந்து முடிந்த விற்பனையின் விலையை கான்ட்ராக்ட் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை.

ஆனால் அந்தத் தகவல் தொலைந்துவிடவில்லை. ஒவ்வொரு விற்பனையின்போதும் கான்ட்ராக்ட் ஓர் ஈவென்டை, அதாவது என்ன நடந்தது என்ற ஒரு குறிப்பை, வெளியிடுகிறது. அது அந்த பிளாக்கின் லாக்கில் பதிவாகி நிரந்தரமாக அங்கேயே இருக்கிறது. பழைய கடைகளில் நாள்வழி என்றும் பேரேடு என்றும் இரண்டு கணக்குப் புத்தகங்கள் வைத்திருப்பார்கள். நடந்தது நடந்த வரிசையில் நாள்வழியில் ஏறும். யார் பேரில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கப் பேரேட்டைப் புரட்டுவார்கள். பிளாக்செயின் ஒரு பெரிய நாள்வழி. அதை முதலிலிருந்து வாசித்து, நமக்கு வேண்டிய பேரேட்டை எழுதி, புது வரி வர வர அதைச் சரியாக வைத்திருப்பதுதான் இன்டெக்ஸரின் வேலை.

இந்த வேலைக்குப் பல கருவிகள் உண்டு. 2018இல் தொடங்கிய தி கிராஃப் பலருக்கும் தெரிந்தது. அதில் எழுதுவதை சப்கிராஃப் என்பார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது பாண்டர். திறந்த மூலம், முழுக்க டைப்ஸ்கிரிப்ட், உங்கள் கணினியிலேயே ஓடும், எங்கும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. சப்கிராஃபின் ஹேண்ட்லரை, அதாவது ஓர் ஈவென்ட் வரும்போது ஓடும் ஃபங்ஷனை, அசெம்பிளிஸ்கிரிப்ட்டில் எழுத வேண்டும். அது பார்க்க டைப்ஸ்கிரிப்ட் மாதிரியே இருந்தாலும் பல இடங்களில் வேறு மாதிரி நடந்துகொள்ளும், புதிதாக வருபவருக்கு அது தேவையில்லாத தடுமாற்றம். பாண்டரில் ஃபைலைச் சேமித்த மறுநொடி விளைவு திரையில் தெரிகிறது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பாதி ஆங்கில எழுத்தில் கோட் போட்டு நிரப்பாமல், எந்த ஃபைலில் என்ன எழுதுகிறோம், ஏன் எழுதுகிறோம் என்று சொல்லிக்கொண்டே போகிறேன். இலக்கணத்தை பாண்டரின் ஆவணத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், அது தெளிவாக இருக்கிறது. எதை எழுத வேண்டும் என்ற முடிவுதான் கடினம், அது எந்த ஆவணத்திலும் கிடைக்காது.

முதல் படி: தேவையானவை

நோட் ஜேஎஸ் 20 அல்லது அதற்கு மேல், பிஎன்பிஎம் அல்லது என்பிஎம், ஓரளவு டைப்ஸ்கிரிப்ட் பழக்கம். இவற்றோடு எத்தீரியம் மெயின்நெட்டுக்கு (சோதனைக்கானது அல்லாத, உண்மையான நெட்வொர்க்) ஓர் ஆர்பிசி முகவரி. ஆர்பிசி என்பது பிளாக்செயினைக் கேள்வி கேட்பதற்கான வாசல். சொந்தமாக நோடு (நெட்வொர்க்கில் சேர்ந்த ஒரு கணினி) ஓட்டுகிறவர்களுக்கு அது வீட்டிலேயே இருக்கும். மற்றவர்கள் அல்கெமி, இன்ஃப்யூரா, குவிக்நோட் போன்ற ஏதாவது ஒரு சேவையில் கணக்குத் தொடங்கி ஒரு முகவரி வாங்கிக்கொள்ளலாம். யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் பொது ஆர்பிசி இதற்குச் சரிப்படாது. பழைய லாக்குகளைக் கொத்தாகக் கேட்டதும் தடுத்துவிடும்.

இரண்டாம் படி: புராஜெக்டைத் தொடங்குதல்

டெர்மினலில் "பிஎன்பிஎம் கிரியேட் பாண்டர்" என்ற கட்டளையை அடியுங்கள். பெயர் கேட்கும், எந்த மாதிரியிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும். வெறும் மாதிரியே போதும். உள்ளே பல ஃபைல்கள் இருந்தாலும் நீங்கள் தொடப்போவது நான்கைத்தான்: கான்ஃபிக், ஸ்கீமா, எஸ்ஆர்சி ஃபோல்டரில் உள்ள இன்டெக்ஸ், ரகசியங்களுக்கான டாட் என்வ் லோக்கல்.

ஆர்பிசி முகவரியை டாட் என்வ் லோக்கலில் மட்டும் எழுதுங்கள். அது கிட்டில் ஏறக் கூடாது. அந்த முகவரிக்குள்ளேயே உங்கள் சாவி இருக்கிறது, வெளியே போனால் யாரோ ஒருவர் உங்கள் கணக்கில் ஓட்டுவார்.

மூன்றாம் படி: கான்ட்ராக்டை வாசித்தல்

பெரும்பாலான வழிகாட்டிகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. நான் இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கப்போகிறேன். கோட் எழுதும் முன், எத்தீரியத்தில் உள்ளதையெல்லாம் பார்க்க உதவும் எத்தர்ஸ்கேன் தளத்தில் கிரிப்டோபங்க்ஸ் கான்ட்ராக்டைத் திறந்து அதன் மூல நிரலை ஒரு முறை முழுதாக வாசியுங்கள். பெரியதில்லை, ஒரு காபி குடிக்கும் நேரம் போதும்.

சரியான கான்ட்ராக்டைத்தான் திறந்திருக்கிறோமா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். லார்வா லேப்ஸ் முதலில் போட்ட கான்ட்ராக்டில் ஒரு பிழை இருந்தது: விற்பனைப் பணம் விற்றவர் பேரில் வரவாகாமல் வாங்கியவர் பேரிலேயே வரவானது. பங்க்கையும் வாங்கி, பணத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதனால் அதை விட்டுவிட்டு இரண்டாவது கான்ட்ராக்ட் போட்டார்கள். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது. எத்தர்ஸ்கேனில் அதன் பெயர் கிரிப்டோபங்க்ஸ்மார்க்கெட் என்று இருக்கும்.

இப்போது ஈவென்ட்களைப் பார்ப்போம். இன்றைய என்எஃப்டிகள் (ஒவ்வொன்றும் தனித்தனியான டிஜிட்டல் உடைமைகள்) பின்பற்றும் இஆர்சி 721 தரம் வருவதற்கு முன்பே எழுதப்பட்ட கான்ட்ராக்ட் இது. எனவே அவற்றுக்குப் பழகிய கண்ணோடு பார்த்தால் ஏமாறுவோம். டிரான்ஸ்ஃபர் என்ற ஈவென்டில் யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை என்று இருக்கும். எந்த பங்க் என்று இருக்காது! எத்தனை என்ற இடத்திலும் எப்போதும் 1தான். ஆக, டிரான்ஸ்ஃபரை மட்டும் வைத்து உரிமையாளர் பட்டியல் போடவே முடியாது.

பங்க் எண்ணோடு கை மாறுவதைச் சொல்பவை மூன்று. முதல்முறை யாருக்காவது ஒதுக்கும்போது அசைன். விலையில்லாமல் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும்போது பங்க்டிரான்ஸ்ஃபர். விற்பனையின்போது பங்க்பாட். ஏலம் கேட்பதற்கு பங்க்பிட்என்டர்ட், கேட்டதைத் திரும்பப் பெறுவதற்கு பங்க்பிட்வித்டிரான். விற்பனைக்கு வைப்பதற்கும் எடுப்பதற்கும் இன்னும் இரண்டு இருக்கின்றன, இந்த முறை அவற்றை விட்டுவிடலாம்.

விற்பனை இரண்டு விதமாக நடக்கும். உரிமையாளர் விலை போட்டு வைத்து, வேறொருவர் அந்த விலை கொடுத்து வாங்குவது ஒன்று. யாரோ ஒரு தொகை கேட்க, உரிமையாளர் அதற்குச் சம்மதிப்பது இன்னொன்று. இரண்டிலும் வெளிவருவது பங்க்பாட் ஈவென்ட்தான். இரண்டாவது வழிக்கான ஃபங்ஷனை வரி வரியாக வாசித்துப் பாருங்கள். அந்த பங்க்குக்கு வந்த ஏலக் கேள்வியை ஸ்டோரேஜிலிருந்து (கான்ட்ராக்டின் நிரந்தர நினைவகம்) ஒரு மாறிக்குள் எடுக்கிறது. உரிமையை மாற்றுகிறது. டிரான்ஸ்ஃபர் ஈவென்டை வெளியிடுகிறது. தொகையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, ஏலக் கேள்வியை அழித்து 0 ஆக்குகிறது. அதன் பிறகுதான் பங்க்பாட் ஈவென்டை வெளியிடுகிறது, அதுவும் அந்த மாறியிலிருந்தே விலையையும் வாங்கியவரையும் எடுத்து. அந்த மாறி நகல் அல்ல, ஸ்டோரேஜையே சுட்டுகிறது. ஸ்டோரேஜ் ஏற்கெனவே அழிந்துவிட்டது. எனவே ஏலத்தில் போன ஒவ்வொரு பங்க்குக்கும் பங்க்பாட் ஈவென்டில் விலை 0, வாங்கியவர் பூஜ்ய முகவரி, அதாவது வெறும் பூஜ்யங்களால் ஆன, யாருடையதும் அல்லாத முகவரி!

இதை வாசிக்காமல் நேராக இறங்கியதால் நான் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். ஏராளமான பங்க்குகள் பூஜ்ய முகவரிக்கு ஓசியில் போயிருப்பதாக என் டேபிள் காட்டியது. என் கோடில் பிழை என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன். என் கோட் ஈவென்டைச் சரியாகத்தான் எடுத்துப் போட்டிருந்தது. ஈவென்ட்தான் உண்மையைச் சொல்லவில்லை. கான்ட்ராக்டை மாற்ற வழியில்லை என்பதால் அந்தப் பிழை இனி எப்போதும் அப்படியே இருக்கும், இன்டெக்ஸ் எழுதுகிறவர்தான் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஏல விற்பனையை அடையாளம் காண விலை 0 என்பதை வைத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பிட்ட ஒரு முகவரிக்கு 0 விலையில் விற்க கான்ட்ராக்டே அனுமதிக்கிறது, அது உண்மையான 0. வாங்கியவர் பூஜ்ய முகவரியாக இருக்கிறாரா என்பதைப் பாருங்கள். நேரடியாக வாங்கும்போது அந்த இடத்தில் வாங்கும் ஃபங்ஷனை அழைத்தவரின் முகவரி வரும், அது ஒருநாளும் பூஜ்யமாக இராது.

நான்காம் படி: கான்ஃபிக்

எத்தர்ஸ்கேனிலிருந்து கான்ட்ராக்டின் ஏபிஐயை (அப்ளிகேஷன் பைனரி இன்டர்ஃபேஸ்) நகலெடுங்கள். கான்ட்ராக்டில் என்னென்ன ஃபங்ஷன், என்னென்ன ஈவென்ட் இருக்கின்றன என்ற விவரப் பட்டியல் அது. அதை ஜேசன் ஃபைலாகப் போடாமல் டைப்ஸ்கிரிப்ட் ஃபைலில் ஒரு மாறியாக வைத்து, கடைசியில் "ஆஸ் கான்ஸ்ட்" என்று முடியுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்தால்தான் ஈவென்டின் ஒவ்வொரு பகுதியும் என்ன வகை என்று எடிட்டருக்குத் தெரியும். பெயரைத் தப்பாக அடித்தால் உடனே சிவப்புக் கோடு போடும்.

கான்ஃபிக்கில் இரண்டு பகுதிகள். செயின்ஸ் பகுதியில் மெயின்நெட் என்று பெயர் கொடுத்து, அடையாள எண் 1, ஆர்பிசி முகவரி. கான்ட்ராக்ட்ஸ் பகுதியில் கிரிப்டோபங்க்ஸ் என்று பெயர் கொடுத்து, எந்தச் செயின், ஏபிஐ, கான்ட்ராக்ட் முகவரி, தொடக்க பிளாக். செயின்ஸ் என்பதற்குப் பதிலாக நெட்வொர்க்ஸ் என்று எழுதியிருக்கும் கட்டுரைகள் பழைய பதிப்புக்கானவை, அவற்றைப் பார்த்து எழுதினால் ஓடாது.

தொடக்க பிளாக்கை எத்தர்ஸ்கேனில் எடுக்கலாம். கான்ட்ராக்ட் பக்கத்தில் அதை உருவாக்கிய பரிவர்த்தனைக்கு ஒரு இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் பிளாக் எண் தெரியும். இதை எழுதாமல் விட்டால் பாண்டர் 0ஆம் பிளாக்கிலிருந்து தேடத் தொடங்கும். கிரிப்டோபங்க்ஸ் பிறக்கும் முன் எத்தீரியத்தில் 39 லட்சம் பிளாக்குகள் கடந்துவிட்டன, அவை அத்தனையிலும் இல்லாத ஈவென்டைத் தேடுவோம். நான் ஒரு முறை இப்படி விட்டுவிட்டு, ஓர் ஆர்பிசி சேவையின் இலவச வரம்பை ஒரே மதியத்தில் தீர்த்தேன்.

ஐந்தாம் படி: ஸ்கீமா

பேரேட்டில் என்னென்ன பக்கங்கள் வேண்டும் என்று முடிவு செய்வது இந்தப் படி. கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். இந்த முகவரியிடம் எந்தெந்த பங்க்? யாரிடம் அதிகம்? எந்த பங்க் எவ்வளவுக்குப் போனது? இவற்றுக்கு நான்கு டேபிள் போதும்.

பங்க் டேபிளில் பங்க் எண்தான் முதன்மைச் சாவி, கூடவே உரிமையாளர் முகவரி. உரிமையாளர் டேபிளில் முகவரியும் எண்ணிக்கையும். ஏலம் டேபிளில் பங்க் எண், கேட்டவர், தொகை. ஒரு பங்க்குக்கு ஒரு நேரத்தில் ஒரே ஓர் ஏலக் கேள்விதான் கான்ட்ராக்டில் நிற்கும், எனவே இங்கும் பங்க் எண்ணே முதன்மைச் சாவி. விற்பனை டேபிளில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி: பங்க், விற்றவர், வாங்கியவர், விலை, ஏலமா நேரடியா, நேரம். இதற்குச் சாவியாக பாண்டர் ஒவ்வோர் ஈவென்டுக்கும் கொடுக்கும் தனி அடையாளத்தையே பயன்படுத்தலாம்.

விலைக்கு பிக்இன்ட் வகையைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு ஈதர் என்றால் 1க்குப் பின் 18 பூஜ்யம் போட்ட வெய். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் வகை பிழையில்லாமல் வைத்திருக்கக்கூடிய முழு எண்ணின் எல்லை 9,007,199,254,740,991. வெய்யில் பார்த்தால் இது ஏறத்தாழ 0.009 ஈதர்தான். ஒரு பங்க்கின் விலையைச் சாதாரண எண்ணில் போட்டால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். டேட்டாபேஸில் வெய்யாகவே வையுங்கள், ஈதராக மாற்றுவதைத் திரையில் காட்டும்போது செய்துகொள்ளலாம்.

அப்புறம், பங்க் டேபிளில் உரிமையாளர் என்ற நெடுவரிசைக்கு ஓர் இன்டெக்ஸ் போடுங்கள். "இவரிடம் எந்தெந்த பங்க்?" என்பதுதான் அடிக்கடி வரப்போகும் கேள்வி.

ஆறாம் படி: ஹேண்ட்லர்கள்

எஸ்ஆர்சி ஃபோல்டரில் உள்ள இன்டெக்ஸ் ஃபைலில், ஒவ்வோர் ஈவென்டுக்கும் ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்கிறோம். "பாண்டர் டாட் ஆன்" என்று தொடங்கி, கான்ட்ராக்ட் பெயர், முக்காற்புள்ளி, ஈவென்ட் பெயர். ஃபங்ஷனுக்குள் ஈவென்ட், கான்டெக்ஸ்ட் என்று இரண்டு பொருட்கள் கிடைக்கும். ஈவென்டில் அதன் விவரங்கள், பிளாக் நேரம், பரிவர்த்தனை ஹாஷ் எல்லாம் இருக்கும். கான்டெக்ஸ்டில் டேட்டாபேஸும், கான்ட்ராக்டை வாசிப்பதற்கான கிளையன்டும் இருக்கும்.

மூன்று ஈவென்ட்களில் பங்க் கை மாறுகிறது என்று பார்த்தோம். மூன்று இடத்திலும் ஒரே கோடை எழுதாமல், உரிமையை மாற்றும் வேலைக்குத் தனி ஃபங்ஷன் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். பங்க் எண்ணும் புதிய உரிமையாளரும் அதற்கு உள்ளே போக வேண்டும். பழைய உரிமையாளர் யார் என்பதை அது நம் பங்க் டேபிளிலேயே பார்த்துக்கொள்ளட்டும். பழையவர் இருந்தால் அவர் எண்ணிக்கையில் ஒன்று குறை, புதியவர் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு, பங்க் வரியை மாற்று.

பழையவரை நம் டேபிளில் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. அசைன் ஒரு பங்க்குக்கு ஒரே முறைதான் வரும் என்று தோன்றும். ஆனால் கான்ட்ராக்டை வெளியிட்டவர் தொடக்க ஒதுக்கீட்டின்போது ஏற்கெனவே ஒதுக்கியதை வேறொருவருக்கு மாற்ற நிரல் இடம் கொடுக்கிறது. அப்போதும் அசைன்தான் வரும், அதில் பழைய உரிமையாளர் பெயர் இருக்காது. "அசைன் என்றால் புது வரி" என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் கணக்கு பிசகும்.

ஏலக் கேள்வி வரும்போது ஏலம் டேபிளில் அந்த பங்க்குக்கு வரி இல்லையென்றால் போடு, இருந்தால் மாற்று. இன்னொருவர் கூடுதலாகக் கேட்கும்போது பழையவருக்கு கான்ட்ராக்ட் பணத்தைத் திருப்பி ஒதுக்கிவிடும், அதற்கென்று தனி ஈவென்ட் வராது. மேலெழுதினாலே அது சரியாகிவிடுகிறது. திரும்பப் பெற்றால் வரியை நீக்கு.

விற்பனை ஹேண்ட்லரின் ஓட்டம் இப்படி இருக்கும்:

ஏலம் டேபிளில் இந்த பங்க்குக்கு உள்ள வரியை எடு.
ஈவென்டில் வாங்கியவர் பூஜ்ய முகவரி என்றால் இது ஏல விற்பனை. வாங்கியவர், விலை இரண்டையும் ஏல வரியிலிருந்து எடு. ஏல வரி இல்லையென்றால் பிழை எழுப்பி நில்.
இல்லையென்றால் இது நேரடி விற்பனை. இரண்டையும் ஈவென்டிலிருந்தே எடு.
உரிமையை மாற்று.
விற்பனை வரியைப் போடு.
ஏல விற்பனை என்றாலோ, ஏலத்தில் கேட்டவரே இப்போது நேரடியாக வாங்கியிருந்தாலோ, ஏல வரியை நீக்கு.

கடைசி வரியின் இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். ஏலத்தில் கேட்டு வைத்திருந்த ஒருவர் அதே பங்க்கை நேரடியாக வாங்கினால், கான்ட்ராக்ட் அவருடைய கேள்வியை அழித்துப் பணத்தைத் திருப்பி ஒதுக்குகிறது. அவருக்கு யாராவது பங்க்கைச் சும்மா கொடுத்தாலும் அப்படியே. இரண்டுக்கும் ஈவென்ட் வராது. இதைச் செய்யாவிட்டால் விற்பனைக் கணக்கு கெடாது, ஆனால் "இப்போது நிற்கும் ஏலங்கள்" என்று பட்டியல் காட்டும்போது இல்லாத கேள்விகள் அதில் நின்றுகொண்டிருக்கும். எனவே பங்க்டிரான்ஸ்ஃபர் ஹேண்ட்லரிலும் இதே சோதனை வேண்டும்.

பிழை எழுப்பி நில் என்று எழுதியதையும் விடாதீர்கள். உரிமையை மாற்றும் முன், ஈவென்ட் சொல்லும் விற்றவரும் நம் டேபிள் சொல்லும் உரிமையாளரும் ஒருவர்தானா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயும் நிறுத்துங்கள். தப்பான எண்ணோடு ஓடிக்கொண்டிருப்பதைவிட நிற்பது மேல். எந்த ஈவென்டில் நின்றது என்று பாண்டர் விவரத்தோடு காட்டும், அந்தப் பரிவர்த்தனையை எத்தர்ஸ்கேனில் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும்.

ஏழாம் படி: ஓட்டிப் பார்த்தல்

"பிஎன்பிஎம் டெவ்" என்று அடியுங்கள். டெர்மினலில் ஒரு சிறிய அட்டவணை தோன்றும். ஒவ்வோர் ஈவென்டின் பெயர், இதுவரை எத்தனை வந்தது, ஒன்றுக்கு எவ்வளவு நேரம், மொத்தத்தில் எவ்வளவு முடிந்தது. நீங்கள் ஹேண்ட்லர் எழுதிய ஈவென்ட்களின் லாக்குகளை மட்டும் அது ஆர்பிசியிடம் கேட்டு வாங்குகிறது. ஒரே கேள்வியில் இத்தனை பிளாக்குக்கு மேல் கேட்கக் கூடாது என்று ஆர்பிசி மறுத்தால், பாண்டர் வீச்சைச் சுருக்கிக்கொண்டு மறுபடி கேட்கும்.

முதல் முறை பொறுமை வேண்டும். 2017 முதல் இன்று வரை உள்ள வரலாறு முழுவதும் வர வேண்டும். ஆனால் வந்த ஒவ்வொரு லாக்கும் உங்கள் கணினியில், டாட் பாண்டர் என்ற ஃபோல்டருக்குள், பிஜிலைட் என்ற சிறிய போஸ்ட்கிரெஸில் சேமிக்கப்படுகிறது. ஹேண்ட்லரை மாற்றிச் சேமித்தால் டேபிள்கள் முதலிலிருந்து எழுதப்படும், ஆர்பிசியிடம் மறுபடி போகாது. அதனால் இரண்டாவது ஓட்டம் முதலாவதோடு ஒப்பிடவே முடியாத வேகத்தில் முடியும். ஏதோ சரியில்லை என்று அந்த ஃபோல்டரை அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள், சேர்த்ததெல்லாம் போய்விடும்.

ஹேண்ட்லருக்குள் கான்ட்ராக்டை வாசிக்கும் அழைப்புகளை முடிந்தவரை தவிர்க்கச் சொல்வேன். லாக்குகள் கொத்தாக வரும், வாசிப்பு அழைப்புகள் ஒவ்வொன்றாகப் போகும். தவிர, பழைய பிளாக்கில் கான்ட்ராக்டின் நிலை என்ன என்று கேட்க ஆர்க்கைவ் நோடு வேண்டும். இந்தப் புராஜெக்டில் அப்படி ஓர் அழைப்புகூடத் தேவைப்படவில்லை. ஏல விலையை ஈவென்ட் மறைத்தபோதும், முந்தைய ஈவென்ட்களிலிருந்தே அதை மீட்டுவிட்டோம்.

எட்டாம் படி: கணக்கு நேர்படுகிறதா?

இன்டெக்ஸ் ஓடி முடிந்தது என்பதால் அது சரி என்று ஆகாது. பங்க் டேபிளில் சரியாக 10,000 வரி இருக்க வேண்டும். உரிமையாளர் டேபிளில் எண்ணிக்கைகளைக் கூட்டினால் அதுவும் 10,000 வர வேண்டும். யாருடைய எண்ணிக்கையும் 0க்குக் கீழே போகக் கூடாது. விற்பனை டேபிளில் பூஜ்ய முகவரி வாங்கியவராக ஓரிடத்திலும் இருக்கக் கூடாது. இவை நான்கும் சரியென்றால், எத்தர்ஸ்கேனில் கான்ட்ராக்டின் வாசிப்புப் பகுதிக்குப் போய், பத்துப் பதினைந்து பங்க் எண்களைக் கொடுத்து உரிமையாளரை ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று முகவரிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

விலையில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. விற்பனைகளை விலைப்படி இறங்குவரிசையில் அடுக்கினால், 2021 அக்டோபரில் பங்க் 9998 சுமார் 124,457 ஈதருக்குப் போனதாக மேலே நிற்கும். அன்றைய மதிப்பில் 50 கோடி டாலருக்கு மேல். உங்கள் இன்டெக்ஸில் பிழை இல்லை. ஒருவர் ஃபிளாஷ் லோன் எடுத்து, தன் பங்க்கைத் தானே வாங்கி, அதே பரிவர்த்தனையில் கடனையும் திருப்பிக் கொடுத்தார். கான்ட்ராக்டைப் பொறுத்தவரை அது முறையான விற்பனை. மொத்த விற்பனைத் தொகை, சராசரி விலை என்று எதையாவது வெளியே காட்டப்போகிறீர்கள் என்றால் இதை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். என் வழக்கம், விற்பனை டேபிளில் உள்ளதை உள்ளபடி வைத்திருப்பது, கணக்கில் சேர்க்கலாமா என்பதற்குத் தனி நெடுவரிசை போடுவது. நாள்வழியில் இருப்பதை நாமாக அழிக்கக் கூடாது.

ஒன்பதாம் படி: கேள்வி கேட்டல்

இன்டெக்ஸர் ஓடும்போதே உங்கள் கணினியில் 42069ஆம் போர்ட்டில் ஒரு கிராஃப்கியூஎல் பக்கம் திறந்திருக்கும். பிரவுசரில் திறந்து, ஒரு முகவரியைக் கொடுத்து அவருடைய பங்க்குகளைக் கேளுங்கள். கட்டுரையின் தொடக்கத்தில் 10,000 முறை கேட்க வேண்டியிருந்தது நினைவிருக்கும். இப்போது ஒரே கேள்வி, கண்ணிமைக்கும் நேரத்தில் பதில்.

ஒரு பதிலில் இயல்பாக 50 வரிதான் வரும், கேட்டால் 1000 வரை தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பதிலோடு வரும் கர்சரைக் கொடுத்து அடுத்த பக்கம் கேட்க வேண்டும். கிராஃப்கியூஎல் பிடிக்காதவர்கள் நேராக எஸ்கியூஎல்லில் கேட்கலாம். எல்லாமே போஸ்ட்கிரெஸ் டேபிள்கள்தான்.

பத்தாம் படி: நேரலையும் பின்வாங்கலும்

வரலாறு முடிந்ததும் பாண்டர் தானாகவே புது பிளாக்குகளுக்கு மாறிவிடும். எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக் வருகிறது, ஆனால் வந்த பிளாக் உடனே உறுதியாகிவிடுவதில்லை. உறுதியாக ஏறத்தாழ 13 நிமிடம் ஆகும். அதற்குள் அரிதாக ஒரு பிளாக் கைவிடப்பட்டு வேறொன்று அந்த இடத்துக்கு வரலாம். இதை ரீஆர்க் என்பார்கள். அப்படி நடந்தால் பாண்டர் அந்த பிளாக்கால் டேபிளில் ஏற்பட்ட மாற்றங்களைப் பின்வாங்கி, புது பிளாக்கை வைத்து மறுபடி எழுதும். நீங்கள் ஒரு வரி கோட்கூட எழுத வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஹேண்ட்லர் டேபிளில் எழுதுவதைத் தவிர வேறெதையும் செய்யக் கூடாது. "பங்க் விற்றது" என்று அதற்குள்ளிருந்து மின்னஞ்சல் அனுப்பினால், ரீஆர்க்கில் அந்த மின்னஞ்சலைத் திரும்ப வாங்க முடியாது. அதைவிட மோசம், ஹேண்ட்லரை மாற்றி மறுபடி ஓட்டும்போது 2017 முதலான எல்லா விற்பனைக்கும் மின்னஞ்சல் பறக்கும். அறிவிப்பு வேண்டுமென்றால் விற்பனை டேபிளைப் பார்த்துக்கொண்டிருக்கும் தனிப் புரோகிராம் ஒன்று எழுதுங்கள், பிளாக் உறுதியான பிறகு அனுப்பட்டும்.

சர்வரில் ஏற்றுதல்

இங்கே சொல்ல அதிகமில்லை. பிஜிலைட்டை விட்டு உண்மையான போஸ்ட்கிரெஸுக்கு மாறுங்கள், அதற்கு டேட்டாபேஸ் முகவரியை சூழல் மாறியில் கொடுத்தால் போதும். டெவ் கட்டளைக்குப் பதில் ஸ்டார்ட். ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் போஸ்ட்கிரெஸில் தனி ஸ்கீமா பெயர் கொடுக்க வேண்டும் (இது ஐந்தாம் படியின் ஸ்கீமா ஃபைல் அல்ல, டேட்டாபேஸுக்குள் டேபிள்களைப் பிரித்து வைக்கும் தனி அறை). பழைய பதிப்பு தன் ஸ்கீமாவில் ஓடிக்கொண்டிருக்க, புதியது வேறு ஸ்கீமாவில் தொடக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வரும். லாக்குகளின் சேமிப்பு இரண்டுக்கும் பொது என்பதால் சீக்கிரம் முடியும். புதியது தயாரா என்று தெரிந்துகொள்ள ரெடி என்ற பாதையைக் கேளுங்கள், வரலாறு முழுதும் எழுதி முடித்த பிறகுதான் அது சரி என்று பதில் சொல்லும். ஹெல்த் என்ற பாதை புரோகிராம் உயிரோடு இருப்பதை மட்டும் சொல்கிறது. சர்வரில் இவை இரண்டையும் மாற்றி அமைத்துவிட்டு, பாதி நிரம்பிய டேபிளைப் பயனருக்குக் காட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்து என்ன சேர்க்கலாம்

உரிமையாளர் டேபிளை எண்ணிக்கைப்படி அடுக்கிப் பாருங்கள். மேலே வரும் முகவரிகளில் சில மனிதர்களுடையவை அல்ல. 2020இல் ரேப்ட் பங்க்ஸ் என்றொரு கான்ட்ராக்ட் வந்தது. பங்க்கை அதனிடம் ஒப்படைத்தால் அதே எண்ணில் இஆர்சி 721 டோக்கன் ஒன்றைத் தரும். அதை இன்றைய சந்தைகளில் விற்கலாம். அப்படிச் சுற்றி வைத்த பங்க்குகளுக்கெல்லாம் கிரிப்டோபங்க்ஸ் கான்ட்ராக்டின் கணக்கில் உரிமையாளர் அந்த ரேப்ட் பங்க்ஸ் கான்ட்ராக்ட்தான்.

அதை கான்ஃபிக்கில் இரண்டாவது கான்ட்ராக்டாகச் சேருங்கள். அதன் டிரான்ஸ்ஃபர் ஈவென்டில் டோக்கன் எண் இருக்கிறது, அதுவே பங்க் எண். பூஜ்ய முகவரியிலிருந்து வந்தால் சுற்றினார்கள், பூஜ்ய முகவரிக்குப் போனால் பிரித்தார்கள், மற்றபடி கை மாறியது. பங்க் டேபிளில் இன்னொரு நெடுவரிசை சேர்த்து, டோக்கன் யாரிடம் இருக்கிறதோ அவர் முகவரியை அதில் எழுதுங்கள். பழைய உரிமையாளர் நெடுவரிசையை அப்படியே விட்டுவிடுங்கள். எட்டாம் படியில் கான்ட்ராக்டோடு ஒப்பிட அது வேண்டும்.